நாட்டுக்கோழிக்குச் சளி கண்டால்: மருந்துக்கு முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டுக் கொல்லையில் ஐந்தும் பத்துமாகக் கோழி வளர்ப்பவர்கள், கோழி கழிந்தால் சீக்கு என்றும் தும்மினால் சளி என்றும் இரண்டே பெயர்களில் எல்லா நோயையும் அடக்கிவிடுவது வழக்கம். பேச்சுக்கு அது போதும், வைத்தியத்துக்குப் போதாது. தும்மல், மூக்கில் நீர், தொண்டையில் கொரகொரப்பு, வாயைத் திறந்து மூச்சு வாங்குதல் ஆகிய இவை பத்துக்கும் குறையாத காரணங்களால் வரக்கூடிய அறிகுறிகள். அவற்றுள் சில ஒரு வாரத்துக்குள் கொல்லையையே காலி செய்துவிடும். சில மாதக்கணக்கில் இழுக்கும். சில நோயே அல்ல, கூண்டின் குறை அல்லது தீவனத்தின் குறை. எனவே மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்பு, கோழியைப் பிரித்து வைப்பதும் நிதானமாகப் பார்ப்பதுமே முதல் வேலை. இந்த இரண்டையும் செய்யாமல் வாங்கும் மருந்து பெரும்பாலும் வீண்.

முதலில் பிரித்து வையுங்கள்

தும்முகிற கோழியை மற்றவற்றிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி, தனிப் பஞ்சாரத்திலோ கம்பிக் கூண்டிலோ வைக்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, நல்ல கோழிகளைத் தாண்டிக் காற்று நோயுற்ற கோழிக்குப் போகும்படி இடம் தேர்ந்தெடுப்பது நல்லது. திசை மாறினால் சளித் துளிகள் காற்றோடு திரும்பி வரும். தண்ணீர்க் கிண்ணமும் தீவனத் தட்டும் தனியாக இருக்க வேண்டும். காலையில் நல்ல கோழிகளுக்கு எல்லா வேலையும் முடித்த பிறகே நோய்க்கோழியிடம் போக வேண்டும். திரும்பியதும் கை, கால், செருப்பு மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, பிரித்து வைத்தும் நோய் பரவிவிட்டது என்று வருந்துபவர்களே அதிகம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து மார்கழிப் பனியில் நோயுற்ற கோழியால் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. அதற்காகப் பஞ்சாரத்தின் மேல் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டிவிடுவதும் தவறு. உள்ளே ஈரமும் எச்சத்தின் ஆவியும் தங்கி மூச்சு இன்னும் திணறும். மூன்று பக்கம் சாக்குத் தொங்கவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, ஓர் ஓரத்தில் மட்டும் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டால், குளிர்ந்தால் பக்கத்தில் வரவும் சூடு மிகுந்தால் விலகவும் கோழிக்கு வசதி இருக்கும். சாக்கு பல்பைத் தொடாமல் இருக்கட்டும்.

பிறகு பாருங்கள், கேளுங்கள்

பகலில் கோழி தன் நோயை மறைக்கும். ஆள் பக்கத்தில் வந்தால் தலையை நிமிர்த்தி நடக்கும். உண்மை நிலை தெரிய வேண்டுமானால், கோழிகள் அடைந்து அரை மணி நேரம் கழித்து, இருட்டில் விளக்கில்லாமல் கூண்டருகே நின்று கேட்க வேண்டும். நல்ல கோழியின் மூச்சுக்கு ஒலியே கிடையாது. ஈரமான கொரகொரப்பு, விக்கல் போன்ற சிறு தெறிப்பு, சீழ்க்கை போன்ற இழுப்பு எதுவாயினும் அது எந்தக் கோழியிடமிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிந்த பிறகு கைப்பேசி விளக்கை அடிக்கலாம். தும்முவது ஒன்றா, மூன்றா, எல்லாமா என்பது அப்போதுதான் தெரியும்.

கோழியைப் பிடிக்கும்போது ஒரு கவனம் தேவை. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. நுரையீரலோடு இணைந்த 9 காற்றுப்பைகளுக்குள் காற்று போய் வர வேண்டுமானால் நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைய வேண்டும். நெஞ்சை இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தும் அதற்கு மூச்சு முட்டும். ஏற்கெனவே திணறுகிற கோழி கையிலேயே இறந்துபோகவும் கூடும். இறக்கைகளை உடலோடு அணைத்து, அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மடியில் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் புரட்ட வேண்டாம்.

மூக்குத் துளைகளில் நீர் தெளிவாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, ராகித் தவிடு ஒட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணின் மூலையில் சோப்பு நுரை போன்ற குமிழிகள் தெரிகின்றனவா, கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். அலகைத் திறந்தால் மேலண்ணத்தில் நீளவாட்டில் ஒரு பிளவு தெரியும். மூக்கும் வாயும் கூடுமிடம் அதுதான். அது சுத்தமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சளி தொங்கினாலோ, வெண்ணிறக் கொப்புளங்களோ மஞ்சள் படலமோ இருந்தாலோ அது முக்கியத் துப்பு. வாயின் நாற்றத்தையும் தவறவிட வேண்டாம். பிறகு கழுத்தின் அடியில் இருக்கும் இரைப்பையைத் தடவி அதில் தீனி இருக்கிறதா என்றும், நெஞ்செலும்பு கத்திபோல் துருத்துகிறதா என்றும், கழிவிடத்து இறகுகளில் எச்சம் என்ன நிறத்தில் ஒட்டியிருக்கிறது என்றும் பார்த்து, எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கப்போவது இவற்றைத்தான்.

கண்டது எதைச் சொல்கிறது

இரண்டு மூன்று நாட்களுக்குள் பல கோழிகள் ஒன்றாகத் தூங்கி விழுந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, பிழைத்தவற்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டால் அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய். கழிச்சல் என்ற பெயரால் பலர் இதை வயிற்று நோயாகவே நினைக்கிறார்கள்; ஆனால் மூச்சுத் திணறல் இதன் முதல் அறிகுறியாகவும் வரும். இது வைரஸ் நோய். தடுப்பூசி போடாத கொல்லையில் பத்துக்கு ஒன்பது கோழிகளைக்கூடக் கொண்டுபோகும். வந்த பிறகு இதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வழக்கம் ஊர்தோறும் இருக்கிறது. தீனி எடுக்காத கோழிக்கு அது தெம்பு தரலாம், தடுப்பூசிக்கு ஈடாகாது.

இதற்கு நேர்மாறாக, கோழி தின்கிறது, முட்டையிடுகிறது, ஆனால் வாரக்கணக்கில் தும்முகிறது, இரவில் கொரகொரக்கிறது, கண்ணில் நுரை கட்டுகிறது, மெல்ல இளைக்கிறது என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வரும் நாள்பட்ட சுவாச நோயை முதலில் சந்தேகிக்க வேண்டும். கொல்லைக் கோழிகளின் ‘சளி’யில் பெரும்பங்கு இதுவே என்பது என் கணிப்பு. பனி, பயணம், இடமாற்றம், குடற்புழு என ஏதாவது ஒன்று கோழியைத் தளர்த்தும்போது இது தலைதூக்கும். மருந்து கொடுத்தால் அடங்கும், ஆனால் உடலை விட்டு முழுதாகப் போகாது. இந்தக் கடைசிச் செய்திக்குப் பின்னால் மீண்டும் வர வேண்டியிருக்கிறது.

ஓரிரு நாட்களுக்குள் முகம் ஒருபக்கமாகவோ இருபக்கமும்கூடவோ வீங்கி, கண் மூடி, மூக்கிலிருந்து கெட்ட நாற்றத்துடன் சளி வடிந்தால் அது கொரைசா எனப்படும் தொற்றுச்சளி. நாற்றமே இதன் அடையாளம். வேகமாகப் பரவினாலும், தனியாக வந்தால் சாவு குறைவு. கொண்டையிலும் தாடியிலும் கருத்த பொருக்குகள் இருந்து, வாய்க்குள்ளும் மஞ்சள் படலம் படர்ந்திருந்தால் அது அம்மையின் தொண்டை வடிவம். மழைக்குப் பிந்தைய கொசுக் காலத்தில் அதிகம் வரும். அந்தப் படலத்தை நகத்தால் உரிக்க வேண்டாம், இரத்தம் கொட்டும். இருமும்போது இரத்தம் தெறித்தால் மூச்சுக்குழலைத் தாக்கும் வேறொரு வைரஸ் நோயாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். சளியோடு முட்டை ஓடு சுருங்கி, வெண்கரு தண்ணீராகிப் போனாலும் அவ்வாறே.

நோயே இல்லாத காரணங்களும் உண்டு. சித்திரை வெயிலில் நண்பகலில் எல்லாக் கோழிகளும் வாயைத் திறந்து இறக்கையை அகட்டி நின்று, மாலையில் சரியாகிவிட்டால் அது சூடு மட்டுமே. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லாததால் வாய் வழியாகத்தான் சூட்டைத் தணிக்கிறது. நிழலும் குளிர்ந்த நீரும் போதும். குஞ்சுகள் ஒலியே இல்லாமல் மூச்சு வாங்கி ஒவ்வொன்றாகச் சாகுமானால், கீழே பரப்பிய கடலைப்பொட்டையோ உமியையோ கையில் அள்ளி மோந்து பாருங்கள். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கூளத்தின் வித்துகள் நுரையீரலில் முளைத்துவிடுகின்றன. அதற்கு மருந்தைவிடக் கூளத்தை மாற்றுவதே வழி. ராகியும் ரேஷன் அரிசியும் மட்டுமே தின்று, பச்சை எதுவும் கிடைக்காத கோடையில், அண்ணத்தில் வெண்கொப்புளமும் கண்ணில் கெட்டிப் பீளையும் கண்டால் உயிர்ச்சத்து ஏ குறைந்திருக்கக்கூடும். தினமும் ஒரு பிடி முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுவது எளிய பரிகாரம். மூக்கில் நீரே இல்லாமல் கழுத்தை நீட்டி நீட்டிக் கொட்டாவி விடும் இளங்கோழிக்கு மூச்சுக்குழலில் புழு இருக்கலாம். மண்புழுவும் நத்தையும் தின்று வருவது அது, சாணம் கிளறும் கோழிகளிடம் அரிதாகத் தென்படும்.

கூண்டையும் சந்தேகப்பட வேண்டும். காலையில் கூண்டைத் திறந்தவுடன், நின்றபடி அல்ல, குனிந்து கோழியின் தலை இருக்கும் உயரத்தில் உங்கள் முகத்தை வைத்து மூச்சை இழுங்கள். கண் எரிந்து மூக்கைத் துளைத்தால், இரவு முழுவதும் கோழி சுவாசித்தது அம்மோனியாவைத்தான். காற்றில் அது 10 லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினாலே மூச்சுக்குழலின் உட்பூச்சு கெட ஆரம்பித்துவிடும். பிறகு எந்தக் கிருமிக்கும் கதவு திறந்தே இருக்கும். புளியமரத்தில் அடைகிற கோழிகளுக்குச் சளி குறைவு என்று பெரியவர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு, கீரிக்கும் பூனைக்கும் தப்பினால்.

பராமரிப்பு

நோயுற்ற கோழி பசியால் சாவதற்கு முன்பு தாகத்தால் வாடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் கரைத்து வைக்கலாம்; அரை நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதிதாக மாற்ற வேண்டும். கோழிக்கு உப்பு மிகுந்தால் ஆபத்து என்பதால் வீட்டில் கண்ணளவாகக் கலக்க வேண்டாம். தானாகக் குடிக்காவிட்டால் அலகின் பக்கவாட்டில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. நாக்கு முடியும் இடத்தில், அதற்குப் பின்னால் தெரியும் சிறு பிளவே மூச்சுக்குழலின் வாய். அலகைப் பிளந்து சங்கில் ஊற்றுவதுபோல் ஊற்றினால் கஷாயமும் மருந்தும் நேராக நுரையீரலுக்குப் போகும். ‘மருந்து கொடுத்தேன், துடித்துச் செத்துவிட்டது’ என்பதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம்.

மூக்கு அடைத்திருந்தால், கொதித்து ஆறிய கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, இளஞ்சூட்டில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி ஊறவைத்த பிறகே துடைக்க வேண்டும். கண்ணுக்கும் அதே நீர் போதும். துடைத்த பஞ்சை உடனே எரித்துவிடுங்கள். தீனியாக ராகிக் களியை உதிர்த்தோ, குழைந்த சோற்றைக் கீரையோடு பிசைந்தோ, வேகவைத்த முட்டையை நசுக்கியோ கொடுக்கலாம். மூக்கடைத்த கோழிக்குத் தூசியாகப் பறக்கும் தவிடு ஆகாது.

வேப்பிலைப் புகை, சாம்பிராணிப் புகை, பழைய டயரை எரித்த புகை என்று போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொசுவுக்காக மாட்டுக் கொட்டகையில் போடும் புகை வேறு. காற்றுப்பைகளில் சளி கட்டிய பறவையைப் புகையில் அடைப்பது அதன் மீதி மூச்சையும் பறிப்பதாகும். கோழி உள்ளே இருக்கும்போது பிளீச்சிங் தூள் தெளிப்பதும் அப்படித்தான். துளசி, ஆடாதொடை கஷாயத்தைக் குடிநீரில் சிறிது கலந்து வைப்பதில் தீங்கில்லை. கசப்பால் தண்ணீர் குடிப்பது குறைந்தால் அதையும் நிறுத்துங்கள்.

ஆன்டிபயாடிக் பற்றி

நாள்பட்ட சுவாச நோய்க்கும் கொரைசாவுக்கும் டைலோசின், டாக்சிசைக்ளின், ஆக்சிடெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் வேலை செய்யும். வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் செய்யாது. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் ஒன்றியத்துக் கால்நடை மருந்தகத்தின் மருத்துவர் சொல்ல வேண்டும். மனிதருக்கான மாத்திரையை நான்காகக் கிள்ளிக் கொடுப்பதும், இரண்டு நாளில் தெளிந்துவிட்டது என்று நிறுத்துவதும், அடுத்த முறை அந்த மருந்தே பலிக்காத நிலையைக் கொண்டுவரும். டெட்ராசைக்ளின் வகை மருந்து கொடுக்கும் நாட்களில் சுண்ணாம்பு நீர், முட்டையோட்டுத் தூள், கால்சியம் டானிக், தயிர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சுண்ணச்சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. மருந்து முடிந்த பிறகும் மருத்துவர் சொல்லும் நாட்கள் வரை முட்டையையும் கறியையும் யாரும் உண்ணக்கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது

கொண்டை நீலம் பாரித்தாலோ, வால் ஏறி இறங்க மூச்சு வாங்கினாலோ, ஒருநாள் முழுக்க இரைப்பை காலியாக இருந்தாலோ, ஒரே நாளில் இரண்டாவது கோழி விழுந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். போக்குவரத்து இல்லாத மலையூர்களில் இருப்பவர்கள் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். ஓசூர் மத்திகிரியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருப்பது இப்பகுதிக்கு வாய்ப்பு.

இறந்த கோழிக்கும் பயன் உண்டு. இறந்த சில மணி நேரத்துக்குள், இரட்டைப் பாலித்தீன் பையில் கட்டி, பனிக்கட்டி வைத்து (உறைய வைக்காமல்) மருத்துவரிடம் சேர்த்தால், பிணப் பரிசோதனையில் ஐந்து நிமிடத்தில் தெரிவது ஐந்து நாள் ஊகத்தில் தெரியாது. கொண்டு போக முடியாவிட்டால் 3 அடிக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். ஏரிக்கரையிலோ சாலையோரத்திலோ வீசினால் நாயும் காகமும் ஊர் முழுக்க நோயைக் கொண்டு சேர்க்கும். முன்னறிகுறி இல்லாமல் ஒரே இரவில் பல கோழிகள் சாவதும், தலை வீங்கிக் கால்களில் இரத்தக் கட்டுத் தெரிவதும் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் அது பரவியது. ஆந்திரத்தோடும் கர்நாடகத்தோடும் எல்லை பகிரும் கிருஷ்ணகிரியில் இதை அலட்சியம் செய்ய முடியாது. அத்தகைய சாவில் வெறுங்கையால் தொடாமல், அறுக்காமல், உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

நோய் கண்டதும் ‘செத்தால் நட்டம், விற்றால் பாதி’ என்று சந்தைக்குக் கொண்டு போவதுதான் இங்கே நோய் பரவும் பெருவழி. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளியிலும் வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளியிலும் ஒரே கூடையில் கால் கட்டிக் கிடக்கும் கோழிகள் அன்று மாலையே பல ஊர்களுக்குப் பிரிந்து போகின்றன. ஆகவே சந்தையில் வாங்கியதையும், உறவினர் கொடுத்ததையும், சண்டைக்குப் போய் வந்த சேவலையும் 3 வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விட வேண்டும்.

தெளிந்த கோழியை என்ன செய்வது

மைக்கோபிளாஸ்மாவும் கொரைசாவும் வந்து தெளிந்த கோழி பார்வைக்கு நல்ல கோழியே. ஆனால் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். மைக்கோபிளாஸ்மா முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். எனவே அதன் முட்டையைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அடைக்கு வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்கு அடைமுட்டையாகவும் கொடுக்காதீர்கள். நல்ல பெருவிடைச் சேவல் ஒன்று இப்படியாகிவிட்டால் மனம் கேட்காதுதான். ஆனாலும் இனவிருத்திக்கு வைப்பதைவிட, மருந்துக் காலக்கெடு முடிந்து உடல் தேறிய பின் கழித்துவிட்டு, கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்படித்து, இரண்டு மூன்று வாரம் வெறுமனே விட்டுப் புதிய குஞ்சுகளை விடுவதே இறுதியில் செலவு குறைந்த வழி.

புதிய குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துகளான எஃப்1 அல்லது லசோட்டா கண் சொட்டு முதல் வாரத்திலும், நான்காம் வாரத்தில் லசோட்டா மறுமுறையும், எட்டாம் வாரத்தில் ஆர்2பி ஊசி இறக்கையடித் தோலுக்குக் கீழும் போட வேண்டும். கால்நடைத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியையொட்டி நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் ஊசி இலவசம். சொட்டு விட்ட சில நாட்களில் லேசான தும்மல் வரலாம். அது தானே அடங்கும். ஏற்கெனவே சளி பிடித்த கோழிக்குத் தெளியும்வரை தடுப்பூசி கூடாது. லசோட்டாவைக் குடிநீரில் கொடுப்பதானால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய் நீர் வேண்டாம், அதிலுள்ள குளோரின் தடுப்பூசி வைரஸைக் கொன்றுவிடும்; கிணற்று நீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, மருந்தைக் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும்படி முன்னதாகச் சற்றுத் தாகமாக வைத்திருங்கள். குப்பி பெரும்பாலும் 100 கோழிக்குரிய அளவில்தான் கிடைக்கும். தெருவில் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் வாங்கி, ஐஸ் போட்ட தூக்குப்போசியில் கொண்டுவந்து, வெயில் ஏறுமுன் எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் போட்டு முடித்தால் மருந்தும் வீணாகாது, பக்கத்து வீட்டுக் கோழியிடமிருந்து நோய் வரும் வழியும் அடைபடும்.